மன்னரைச் சந்திக்கும் முன்: கசப்பு ஏரியில் ரூஸ்வெல்ட்

மன்னர் எதிரில் புகைபிடிக்கக் கூடாது. மது கண்ணில் படவே கூடாது. அவர் வீட்டுப் பெண்களைப் பற்றி, நலம் விசாரிப்பதற்காகக்கூட, பேச்செடுக்கக் கூடாது. பெண்கள், தொழுகை, நறுமணம் ஆகிய மூன்றும்தான் வாழ்க்கையில் தனக்கு இன்பம் தருபவை என்று அவரே ஒப்புக்கொள்வதாகச் சொல்கிறார்கள். ஆள் வசீகரமானவர், மன உறுதி மிக்கவர். எங்கே வாரிக் கொடுக்க வேண்டும், எங்கே கடுமை காட்ட வேண்டும் என்று தெரிந்து நடந்துதான் அந்தப் பாலைவன நாட்டில் ஒழுங்கை நிலைநாட்டியவர்.

1945-ன் தொடக்கத்தில் சவூதி அரேபிய மன்னர் அப்துல் அஜீஸ் இப்னு சவூதைச் சந்திக்கப் புறப்பட்ட அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு, அவருடைய வெளியுறவுத் துறையும் ஜித்தாவில் இருந்த தூதரும் சொல்லிவைத்தவற்றின் சாரம் இது. வெளியுறவுத் துறையின் குறிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. பாலஸ்தீனத்தில் யூத நாடு அமைக்கும் இயக்கத்தை இந்த மன்னர் அசையாமல் எதிர்த்து வருகிறார். அதில் தளர்ந்து கொடுப்பது அவருடைய கொள்கைக்கே மாறானது என்பதே அந்த வரி.

மற்ற எல்லாவற்றையும் ரூஸ்வெல்ட் இம்மியும் பிசகாமல் கடைப்பிடித்தார். அந்த ஒரு வரியை மட்டும் தன் பேச்சு வன்மையால் கடந்துவிடலாம் என்று நம்பினார். ஒரு தலைவரை ஒரு மன்னரின் முன் அமரத் தயார்செய்வது எப்படி, அந்தத் தயாரிப்பு எங்கே போதாமல் போகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த ஒரே சந்திப்பில் விடை கிடைக்கிறது.

சந்திப்பு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1933-ல் கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் சவூதி மண்ணில் எண்ணெய் தேடும் உரிமையைப் பெற்றது. 1938-ல் தம்மாமின் ஏழாம் எண் கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டதால் ஹஜ் பயணிகளின் வரத்து சரிந்து, அதை நம்பியிருந்த மன்னரின் கருவூலம் வற்றியது. அந்தப் பள்ளத்தைப் பெரும்பாலும் பிரிட்டனின் உதவிப் பணமே நிரப்பியது. அமெரிக்கா பின்தங்கிவிடக் கூடாது என்ற கவலை வாஷிங்டனில் எழுந்தது. சவூதி அரேபியாவின் பாதுகாப்பு அமெரிக்காவின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று 1943 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் அறிவித்தார். போர்க்கால உதவி நேரடியாகப் பாயத் தொடங்கியது. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு விமானத் தளம் வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது.

ஆனால் இருவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தின் மையம் எண்ணெய் அல்ல, பாலஸ்தீனம். 1938-லேயே இப்னு சவூத் ரூஸ்வெல்ட்டுக்கு அதைப் பற்றி எழுதியிருந்தார். 1943 ஏப்ரலில் மீண்டும் எழுதினார். அரபியர், யூதர் இரு தரப்பையும் முழுமையாகக் கலந்தாலோசிக்காமல் எந்த முடிவும் எடுக்கப்படாது என்று மே மாதம் ரூஸ்வெல்ட் பதில் அனுப்பினார். அதே ஆண்டு கோடையில் ஹெரால்டு ஹாஸ்கின்ஸ் என்ற ராணுவ அதிகாரியை ரியாத்துக்கு அனுப்பி, யூத இயக்கத் தலைவர் சைம் வைஸ்மனைச் சந்திக்க மன்னர் சம்மதிப்பாரா என்று கேட்க வைத்தார். மன்னர் கொதித்தார். இரண்டு கோடி பவுண்டு கொடுத்துத் தன்னை வளைக்கப் பார்த்ததாக வைஸ்மன் தரப்பின் மீது குற்றம் சாட்டி, சந்திப்பை அடியோடு மறுத்தார். ஹாஸ்கின்ஸ் திரும்பி வந்து அதிபரிடம் நேரில் அறிக்கை கொடுத்தார்.

ஆக, மன்னரின் மனம் எங்கே இறுகிக் கிடக்கிறது என்பது 1945-ல் வாஷிங்டனுக்குப் புதிய செய்தியல்ல. எழுத்திலும் இருந்தது, ஆள் போய்ப் பார்த்து வந்த சாட்சியமும் இருந்தது.

இந்தச் சந்திப்பின் தயாரிப்பு முழுவதும் ஒரே மனிதரின் தோளில் நின்றது என்று சொன்னால் மிகையாகாது. அவர் பெயர் வில்லியம் எடி. ஜித்தாவில் அமெரிக்காவின் தூதர். அமெரிக்க மிஷனரிப் பெற்றோருக்கு 1896-ல் லெபனானின் சைதா நகரில் பிறந்தவர். தெருவில் விளையாடிய பருவத்திலேயே அரபி அவர் நாவில் ஏறிவிட்டது. முதல் உலகப் போரில் கடற்படைக் காலாட்படையில் போரிட்டுக் காலில் பட்ட காயத்தால் வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்தார். கெய்ரோவில் ஆங்கிலப் பேராசிரியர், அமெரிக்காவில் கல்லூரித் தலைவர், இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் உளவுப் பணி என்று பல வேலைகளைப் பார்த்துவிட்டு ஜித்தாவுக்கு வந்தவர். இருவர் பேசுவதைச் சொல்லுக்குச் சொல் மாற்றித் தர எத்தனையோ பேர் கிடைப்பார்கள். ஒருவர் எதைச் சொல்லாமல் விட்டார், ஏன் விட்டார் என்று மற்றவருக்கு உணர்த்தக்கூடிய ஆள் அரிதிலும் அரிது. அமெரிக்காவுக்கு அப்படி ஒருவர் வாய்த்திருந்தார்.

எடியின் வேலை அதிபரை மன்னருக்காகத் தயார்செய்வதோடு நிற்கவில்லை. மன்னரை அமெரிக்கர்களுக்காகவும், அமெரிக்க மாலுமிகளை மன்னருக்காகவும் அவரே தயார்செய்ய வேண்டியிருந்தது. இந்த மூன்றாவது வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். விருந்தாளி முதலில் பார்ப்பது தலைவரை அல்ல, வாசலில் நிற்பவனைத்தான்.

ஸ்டாலின், சர்ச்சிலோடு ரூஸ்வெல்ட் கிரிமியாவில் நடத்திய யால்டா மாநாடு பிப்ரவரி 11-ல் முடிகிறது. அங்கிருந்து எகிப்துக்குப் பறந்து, சூயஸ் கால்வாயின் நடுவே இருக்கும் பெருங்கசப்பு ஏரியில் நங்கூரமிட்டிருந்த குவின்சி என்ற போர்க்கப்பலில் ரூஸ்வெல்ட் தங்குவார். மன்னரை ஜித்தாவிலிருந்து அங்கே கொண்டுவந்து சேர்க்க மர்ஃபி என்ற நாசகாரிக் கப்பலை அனுப்பினார்கள். அதற்கு முன் அமெரிக்கப் போர்க்கப்பல் எதுவும் ஜித்தாவுக்குப் போனதில்லை. துறைமுகத்தின் ஆழத்தைக் காட்டும் வரைபடமாக மாலுமிகளிடம் இருந்தது 1834-ல் பிரிட்டிஷார் தயாரித்த ஒன்றுதான். பவளப் பாறைகள் நிறைந்த அந்தக் கரையில், நூறு வயதைக் கடந்த படத்தை நம்பி உள்ளே நுழைந்தார்கள்.

ரகசியம் கடுமையாகக் காக்கப்பட்டது. போர் இன்னும் முடியவில்லை. வானிலிருந்து குண்டு விழலாம், நீருக்கடியிலிருந்து டார்பிடோ வரலாம். மக்காவுக்குப் புறப்படுவதாகச் சொல்லிவிட்டு மன்னர் ஜித்தா துறைமுகத்துக்கு வந்து கப்பலேறினார். மன்னரைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்ற வதந்தி ஊரில் பரவியது.

மன்னரோடு எத்தனை பேர் என்பதில் முதல் இழுபறி. கப்பலில் பத்து, பன்னிரண்டு பேருக்குத்தான் இடம் என்றார் தளபதி. அரசவை என்றால் ஆலோசகர், நிதி அமைச்சர், சகோதரர், மகன்கள், வாளேந்திய காவலர்கள், காபி ஊற்றுபவர், உணவைச் சுவைத்துப் பார்ப்பவர், சோதிடர் எல்லோரும் சேர்ந்ததுதான். பேசிப் பேசிக் குறைத்தும் கடைசியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஏறினார்கள்.

அடுத்தது ஆடுகள். கப்பலோடு ஒரு மந்தையையே ஏற்ற மன்னரின் ஆட்கள் தயாராக நின்றார்கள். குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மாதத்துக்கு இறைச்சி இருக்கிறது என்று எடி சொல்லிப் பார்த்தார். அன்றன்று அறுத்த இறைச்சியைத்தான் உண்பேன் என்றார் மன்னர். அதோடு நிற்கவில்லை. இந்த மாலுமிகள் என் விருந்தாளிகள், அவர்களும் என்னோடுதான் சாப்பிட வேண்டும் என்றார். கப்பல் அவர்களுடையதாக இருக்கலாம். ஆனால் மன்னர் இருக்கும் இடம் மன்னரின் கூடாரம், அங்கே சோறு போடுபவர் அவர்தான். கடற்படை விதிப்படி மாலுமிகள் தங்களுக்கு அளந்த உணவைத் தவிர வேறெதையும் உண்டால் தண்டனைக்கு ஆளாவார்கள் என்று எடி எடுத்துச் சொன்ன பிறகுதான் மன்னர் இறங்கி வந்தார். மன்னர் கேட்டது முடியாது என்று எடி சொல்லவில்லை. மன்னரின் பெருந்தன்மையால் ஏழை மாலுமிக்குத் தீங்கு நேரும் என்று காட்டினார். மறுப்பையும் மரியாதையாகச் சொல்லத் தெரிந்த கைத்திறன் அது. கடைசியில் ஏறிய சில ஆடுகளை அமெரிக்கப் போர்க்கப்பலின் பின்தளத்திலேயே அறுத்து உரித்தார்கள். மாலுமிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மன்னருக்கென்று ஒழித்துவைத்த அறையில் அவர் கால் வைக்கவில்லை. இரும்புச் சுவர்களுக்குள் அடைந்து கிடப்பது அவருக்கு ஒவ்வாது. முன்தளத்தில் பீரங்கிகளுக்கு அருகே கித்தான் கூடாரம் எழுந்தது. சாம்பல் நிற எஃகுத் தரையைக் கம்பளங்கள் மூடின. ஒவ்வொரு தொழுகை வேளையிலும் கப்பலின் திசைமாலுமி கணக்குப் போட்டு மக்கா இருக்கும் திசையைச் சொல்வார். மன்னர் அந்தப் பக்கம் திரும்பித் தொழுவார். கரி அடுப்பு மூட்டிக் காபி காய்ச்சிய பணியாளரை, வெடிமருந்து வைத்திருந்த இடத்தின் அருகிலிருந்து பதறிப்போய் நகர்த்த வேண்டியிருந்தது. ஓய்ந்த நேரத்தில் பீரங்கிகளைச் சுட்டுக் காட்டினார்கள். வாழ்நாளில் பாதியைப் போரில் கழித்த அந்த மனிதர் மகிழ்ந்துபோனார்.

இரண்டு இரவும் ஒரு பகலும் நீடித்த இந்தப் பயணம்தான் சந்திப்பின் உண்மையான முன்னுரை என்று நான் நினைக்கிறேன். பிப்ரவரி 14 முற்பகலில் மர்ஃபி குவின்சியின் அருகே வந்து ஒட்டி நின்றபோது, தன்னை மதிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள் என்ற முடிவுக்கு மன்னர் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார். ரூஸ்வெல்ட் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

குவின்சியிலும் அதே கவனம். அந்தப் பயணம் முழுவதும் ரூஸ்வெல்ட்டோடு இருந்து அவரைப் பார்த்துக்கொண்டவர் அவர் மகள் ஆனா. மன்னர் வரும் நாளன்று அவரைக் கெய்ரோவுக்குக் கடைவீதி பார்க்க அனுப்பிவிட்டார்கள். தன் மகளை ஏன் ஒளிக்க வேண்டும் என்று ரூஸ்வெல்ட் கேட்கவில்லை.

சிறு பாலத்தைத் தாண்டி மன்னர் மெதுவாக நடந்து வந்தார். நெடிய, பருத்த உருவம். பழைய போர்க் காயங்களால் கால்கள் ஒத்துழைக்கவில்லை. எதிரே சக்கர நாற்காலியில் அதிபர். யால்டாவின் களைப்பு முகத்தில் அப்பியிருந்தது. இன்னும் இரண்டு மாதம்கூட அவருக்கு ஆயுள் இல்லை. நாம் இருவரும் இரட்டையர் போல என்றார் மன்னர். ஏறத்தாழ ஒரே வயது, ஒரே வகைப் பொறுப்பு, இருவருக்கும் உடல் ஊனம். நீங்கள் பரவாயில்லை, உங்களால் நடக்கவாவது முடிகிறது என்றார் ரூஸ்வெல்ட். இல்லை, நீங்கள்தான் கொடுத்துவைத்தவர், உங்கள் நாற்காலி உங்களை நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகிறது என்றார் மன்னர். ரூஸ்வெல்ட் உடனே தன்னிடம் மாற்றாக இருந்த இன்னொரு சக்கர நாற்காலியை அவருக்குப் பரிசளித்தார். எந்தக் குறிப்பேட்டிலும் எழுதிவைக்காத பரிசு அது. விமானம் ஒன்றும் பரிசுப் பட்டியலில் இருந்தது. சில வாரம் கழித்து வந்து சேர்ந்தது. மன்னரின் மனத்தில் தங்கியது நாற்காலிதான்.

உணவுக்குக் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். மன்னர் முதலில் போனார். அதிபரைச் சக்கர நாற்காலியோடு தனியாக லிஃப்டில் ஏற்றினார்கள். இரண்டு தளங்களுக்கு நடுவே அவர் சிவப்புப் பொத்தானை அழுத்தி லிஃப்டை நிறுத்தினார். சிகரெட்டைப் பற்றவைத்தார். முடிந்ததும் இன்னொன்று. பிறகு பொத்தானை மீண்டும் அழுத்தி இறங்கிப் போய் மன்னரின் அருகே அமர்ந்தார். எடி பின்னாளில் எழுதிவைத்த நினைவுக் குறிப்பு இது. விடாமல் புகைக்கும் பழக்கம் உள்ளவர், பெரும் போரை நடத்திக்கொண்டிருப்பவர், நோயாளி. உலகின் மிகப் பெரிய கடற்படையின் தலைமைத் தளபதி, தன் சொந்தக் கப்பலில், ஓர் இரும்புக் கூண்டுக்குள் ஒளிந்து புகைத்துவிட்டு வந்தார். ஒருவரின் வழக்கத்தை மதிப்பது என்றால் இதுதான் என்று தோன்றுகிறது. அவர் பார்க்காத இடத்தில்கூட அதற்காகச் சற்றுச் சிரமப்படுவது.

சாப்பாட்டில் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் இருந்தன. தேங்காய், சட்னி, பாதாம், திராட்சை என்று தொட்டுக்கொள்ளப் பலவும். நம் மொழியிலிருந்து புறப்பட்டு ஆங்கிலம் ஏறிய கறி என்ற சொல், அரபு மன்னருக்கும் அமெரிக்க அதிபருக்கும் நடுவே மேசையில் இருந்தது என்பது தமிழ் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. மன்னருக்குச் சாப்பாடு பிடித்துவிட்டது. இந்தச் சமையற்காரரையே எனக்குத் தந்துவிடுங்கள் என்று கேட்டார். அரண்மனை வழக்கில் அது உயர்ந்த பாராட்டு. மறுத்தால் மனம் புண்படும். அவர் கடற்படையோடு ஒப்பந்தத்தில் இருக்கிறார், அதை முறிக்க அதிபராலும் முடியாது என்று ரூஸ்வெல்ட் நயமாக விளக்கினார்.

இதுவரை சொன்னதில் குறை காண எனக்கு எதுவும் இல்லை. இனிமேல்தான் சிக்கல்.

பேச்சு தொடங்கியது. அன்றைய புகைப்படத்தில் மன்னரின் அருகே எடி ஒற்றை முழங்காலிட்டுக் குனிந்திருப்பதைக் காணலாம்; இருவருக்கும் இடையே மொழி அவர்தான். ஐரோப்பாவில் வீடிழந்த, உற்றாரை இழந்த யூத அகதிகளுக்கு என்ன செய்யலாம் என்று ரூஸ்வெல்ட் மன்னரின் ஆலோசனையைக் கேட்டார். கேள்வியை வைத்த விதம் அழகு. உதவி கேட்கவில்லை, அறிவுரை கேட்டார். ஆனால் எதிரில் இருப்பவர் ஏழாண்டாக அதே பதிலை எழுதிக்கொண்டிருப்பவர். அவர்களை விரட்டியவர்கள் ஜெர்மானியர்கள். ஜெர்மானியரின் நல்ல நிலங்களையும் வீடுகளையும் அவர்களுக்குக் கொடுங்கள் என்றார் மன்னர். குற்றம் செய்தவன்தான் ஈடுகட்ட வேண்டும், ஒதுங்கி நின்றவன் அல்ல என்றார்.

ரூஸ்வெல்ட் விடவில்லை. போலந்தில் முப்பது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள், அங்கே குடியமர்த்த இடம் இருக்கும் என்று ஒருபுறம் சொன்னார். ஆனால் பலர் பாலஸ்தீனத்தையே விரும்புகிறார்கள் என்று மறுபடி அதே இடத்துக்கு வந்தார். அரபியரின் விருந்தோம்பலை நம்புவதாகச் சொன்னார். எடியின் நினைவுப்படி, மூன்றாம் முறையும் அதிபர் இதே பேச்சை எடுத்தபோது மன்னருக்குப் பொறுமை போய்விட்டது. நேச நாடுகளின் பாசறையில் ஐம்பது நாடுகள் இருக்கின்றன. அவற்றில் சிறிய, நிலம் குறைந்த நாடான பாலஸ்தீனம் தன் பங்குக்கு மேலேயே ஏற்றுவிட்டது என்றார். பாசனம், மரம் நடுதல், பாலைவனத்தைப் பசுமையாக்குதல் என்று ரூஸ்வெல்ட் தனக்குப் பிடித்த பேச்சுக்கு மாறினார். அந்தச் செழிப்பை நாளை யூதர்கள் வந்து அனுபவிக்கப் போகிறார்கள் என்றால் எனக்கு விவசாயத்தில் ஆர்வமில்லை என்று மன்னர் முடித்தார். எண்ணெய் பற்றி உரையாடல் பதிவில் எதுவும் இல்லை. தனக்கென்று பணமோ உதவியோ மன்னர் கேட்கவும் இல்லை.

முடிவில் மன்னர் அசையவில்லை. அசைந்தவர் ரூஸ்வெல்ட். அரபியருக்கு எதிராக யூதர்களுக்கு உதவ மாட்டேன், அரபு மக்களுக்குப் பகையான எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். எடி அதை அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, இருவரின் ஒப்புதலையும் பெற்றார். ஏப்ரல் 5-ல் ரூஸ்வெல்ட் அதே உறுதியைக் கடிதமாகவும் அனுப்பினார்.

மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 17-ல், இதே மன்னரை வின்ஸ்டன் சர்ச்சில் எகிப்தின் ஃபயூம் பகுதியில், ஏரிக்கரை விடுதி ஒன்றில் சந்தித்தார். ரூஸ்வெல்ட் தனியாகச் சந்திக்கப் போவதை யால்டாவில் கடைசி நேரத்தில் அறிந்து அவசரமாக ஏற்பாடு செய்த சந்திப்பு. மன்னரின் மார்க்கம் புகையையும் மதுவையும் விலக்கச் சொன்னால், தன் வாழ்க்கை நெறி இரண்டையும் உணவுக்கு முன்பும் பின்பும் இடையிலும் கட்டாயமாக்குகிறது என்று சர்ச்சில் சொல்லி அனுப்பியதை அவரே எழுதியிருக்கிறார். பரிசாக அவர் கொண்டுபோனது நூறு பவுண்டு பெறுமான வாசனைத் திரவியம். மன்னரோ வாள்களும் நகைகளும் ஆடைகளும் அள்ளிக் கொடுத்தார். சங்கடப்பட்ட சர்ச்சில் அங்கேயே ஒரு ரோல்ஸ்ராய்ஸ் கார் தருவதாகச் சொன்னார். கார் வந்து சேர்ந்தபோது ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தது. மன்னர் முன்னிருக்கையில் அமரும் பழக்கம் உடையவர். ஓட்டுநருக்கு இடப்புறம் உட்காருவது அவருக்கு மரியாதைக் குறைவு. அந்தக் காரில் அவர் ஏறவில்லை என்கிறார் எடி. ஊர் திரும்ப பிரிட்டிஷ் கப்பல் தந்தார்கள். அதில் தளத்தில் கூடாரம் இல்லை, பீரங்கி சுட்டுக் காட்டவும் இல்லை. பயணம் சலிப்பாக இருந்தது என்று மன்னர் பின்னர் எடியிடம் குறைபட்டுக்கொண்டார்.

சர்ச்சிலும் பாலஸ்தீனத்தில் விட்டுக்கொடுக்கச் சொன்னார். இருபது ஆண்டு செய்த உதவியை நினைவூட்டினார். அவருக்கும் கிடைத்தது அதே மறுப்பு.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். அங்குலம் அங்குலமாகத் தயாரித்த ரூஸ்வெல்ட்டுக்கும், தன் போக்கில் போன சர்ச்சிலுக்கும் பாலஸ்தீனத்தில் ஒரே பதில்தான் வந்தது. அப்படியானால் கூடாரமும் கம்பளமும் லிஃப்டில் புகைத்த சிகரெட்டும் வீணா? வீணல்ல. அவை வாங்கித் தந்தது சம்மதத்தை அல்ல, நம்பிக்கையை. தஹ்ரான் விமானத் தளம் எழுந்தது. அந்த நாட்டில் முதல் இடம் பிரிட்டனிடமிருந்து அமெரிக்காவுக்கு நகர்ந்தது. சந்திப்பு முடிந்த சில வாரங்களுக்குள் சவூதி அரேபியா ஜெர்மனி மீது போர் அறிவித்து நேச நாடுகளின் அணியில் பெயர் எழுதிக்கொண்டது. 1948-ல் இஸ்ரேலை அங்கீகரித்த அமெரிக்கா மீது கடுங்கோபம் இருந்தும் மன்னர் எண்ணெய் உரிமையைப் பறிக்கவில்லை. வழக்கம் அறிந்து நடப்பது உறவின் ஆயுளைக் கூட்டும். எதிரில் இருப்பவரின் கொள்கையை அது மாற்றிவிடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் ரூஸ்வெல்ட்டின் பிழை என்று நான் கருதுகிறேன். விருந்து நன்றாக நடந்தால் பேச்சும் நன்றாக முடியும் என்று எண்ணுவது மனித இயல்பு; அப்படி எண்ணவிடாமல் தடுப்பதுதான் குறிப்பு எழுதுகிறவரின் கடமை. குறிப்பில் அந்த எச்சரிக்கை இருந்தது. அதைத் தலைவரின் மனத்தில் அறைந்து உட்காரவைக்க அருகில் ஆள் இல்லை. நெருங்கிய ஆலோசகர் ஹாரி ஹாப்கின்ஸ் அதே கப்பலில் நோய்ப் படுக்கையில் கிடந்தார்.

இன்னொரு குறையும் உண்டு. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மன்னர் தரப்பைப் பற்றி இவ்வளவு தயாரித்தவர்கள், சொந்த வீட்டைத் தயாரிக்கவில்லை. 1944 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, பாலஸ்தீனத்தில் யூத அரசு அமைவதை ஆதரித்து ரூஸ்வெல்ட் செனட்டர் வேக்னருக்குக் கடிதம் எழுதியிருந்தார். நான்கு மாதம் கழித்து மன்னருக்குக் கொடுத்த வாக்கு அதற்கு நேர் எதிரானது. இரண்டும் ஒரு நாள் நேருக்கு நேர் மோதும் என்று தெரியாதவரல்ல அவர். மோதும்போது நடுவில் நான் இருப்பேன், சமாளிப்பேன் என்று நம்பினார். நாடாளுமன்றத்திலோ தன் கட்சியிலோ அந்த வாக்கைத் தாங்கிப் பிடிக்க ஒருவரையும் தயார்செய்யவில்லை. மார்ச் 1-ல் நாடாளுமன்றத்தில் உரையாற்றும்போது, இரண்டு மூன்று டஜன் கடிதங்களில் அறிய முடியாததை இப்னு சவூதோடு ஐந்து நிமிடம் பேசி அறிந்துகொண்டேன் என்று போகிறபோக்கில் சொன்னார். யூத இயக்கத்தை ஆதரித்தவர்கள் கொந்தளித்தார்கள். உள்ளபடி பார்த்தால், அந்த ஐந்து நிமிடத்தில் மன்னர் சொன்னது 1938 முதல் அவர் எழுதிய கடிதங்களில் இருந்ததுதான்.

ஏப்ரல் 12-ல் ரூஸ்வெல்ட் இறந்தார். மன்னருக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்திட்டு ஏழு நாள்தான் ஆகியிருந்தது.

ஒரு மன்னரோடு பேசும்போது மக்களாட்சித் தலைவர் மறக்கக் கூடாத வேறுபாடு இங்கே இருக்கிறது. மன்னருக்கு வாக்கு என்பது ஆள் ஆளுக்குக் கொடுப்பது. அவர் இருக்கும்வரை அது இருக்கும், அவருக்குப் பின் அவர் மகனையும் கட்டும். அதிபர் கொடுக்கும் வாக்கோ அடுத்த தேர்தலையும் அடுத்த அதிபரையும் தாண்ட வேண்டும். இப்னு சவூத் ரூஸ்வெல்ட்டின் வாக்கை அமெரிக்காவின் வாக்காக எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்வார் என்பதை ரூஸ்வெல்ட்டுக்கு யாராவது விளக்கியிருந்தால், வாக்கின் சொற்கள் வேறு மாதிரி அமைந்திருக்கும். அல்லது வாக்கே கொடுக்கப்பட்டிருக்காது. கொடுத்து மீறியதைவிட அது எவ்வளவோ மேல்.

1945-ன் பிற்பகுதியில் அரபு நாடுகளில் பணியாற்றிய அமெரிக்கத் தூதர்கள் புதிய அதிபர் ஹாரி ட்ரூமனைச் சந்தித்தார்கள். எடியும் அவர்களில் ஒருவர். யூத நாடு அமைய வேண்டும் என்று ஏங்குகிற லட்சக்கணக்கானோருக்கு நான் பதில் சொல்ல வேண்டும், என் வாக்காளர்களில் லட்சக்கணக்கான அரபியர் இல்லை என்று ட்ரூமன் அவர்களிடம் சொன்னதாக எடி பதிவு செய்திருக்கிறார். தன் நாவால் மொழிபெயர்த்து, தன் கையால் எழுதி, இருவரிடமும் ஒப்புதல் வாங்கிய வாக்கின் கதி என்ன என்பதை அந்த அறையில் உட்கார்ந்து எடி கேட்டிருக்கிறார். 1947-ல் அவர் வெளியுறவுத் துறையை விட்டு விலகினார். 1948 மே 14-ல் இஸ்ரேல் பிறந்தது. பதினோரு நிமிடத்தில் ட்ரூமன் அதை அங்கீகரித்தார். எடி 1962-ல் பெய்ரூட்டில் இறந்தார். பிறந்த ஊரான சைதாவிலேயே அடக்கம் செய்தார்கள்.

ரூஸ்வெல்ட் கொடுத்த சக்கர நாற்காலி மன்னரின் பருத்த உடலுக்குச் சிறியது. அதில் உட்கார்ந்து அவரால் உலவ முடிந்ததில்லை. ஆனாலும் அரண்மனைக்கு வருகிறவர்களை அழைத்துப் போய் அதைக் காட்டுவாராம். என்னிடம் இருப்பவற்றில் விலைமதிப்பற்றது இதுதான், இறைவனின் கருணையை அடைந்துவிட்ட என் நல்ல நண்பர் ரூஸ்வெல்ட் கொடுத்தது என்பாராம்.